செத்தவர்களின் பெயரையும் ஊரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: "ஊர்வலம் போய் எந்தப் போர் நின்றது? லண்டனில் கொடி பிடித்த எங்கட சனத்துக்குக் கால் நோவு மட்டும்தான் மிச்சம்." அதே இதழின் உள்பக்கமொன்றில், கீழ் மூலையில், சூடான் பற்றி மூன்று வரிச் செய்தியும் வந்திருந்தது. இத்தனை பேர் பலி என்று இருந்தது. எந்த ஊரில், யார் என்று இல்லை. இரண்டையும் ஒன்றாக வாசித்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கடிதம் நீண்டுவிட்டது. வெட்டவேண்டி வந்தால் என்னைப் பற்றியதை வெட்டுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

என் ஊர் யாழ்ப்பாணத்து வடமராட்சி. 1987 மே மாதத்து இராணுவ நடவடிக்கைக்குப் பிறகு வெளிக்கிட்டு, கடைசியில் லண்டனுக்கு வந்து, பஸ் சாரதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். நான் அதிகம் ஓட்டியது 159ஆம் இலக்க பஸ். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைக் கடந்து, பாராளுமன்றச் சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை. அதனால் இந்த நாட்டில் போருக்கு எதிராக யார் கூடினாலும், எத்தனை பேர் கூடினாலும், என் கண்ணில் படாமல் போனதில்லை.

2003 பெப்ரவரி 15, சனிக்கிழமை. ஈராக் மீது போர் தொடுக்கவேண்டாம் என்று கேட்டு லண்டனில் சனம் திரண்ட நாள். என்னை அதற்குக் கூட்டிக்கொண்டு போனவர் என்னோடு வேலை செய்த பஸ்ராக்காரர், தெற்கு ஈராக்கிலுள்ள நகரத்தவர். சதாம் ஹுசைனை அவரைப்போல வெறுத்த ஒருவரை நான் கண்டதில்லை. 1991இல் தெற்கு ஈராக்கில் சதாமுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது தன் தம்பியைப் பறிகொடுத்தவர். அப்படிப்பட்டவர் போர் வேண்டாம் என்கிறாரே என்று கன்ரீனில் வைத்துக் கேட்டேன். "சதாமுக்கு நிலவறை இருக்கிறது. என் அக்காவின் வீட்டுக்கு ஓட்டுக்கூரைகூட இல்லை, தகரம்தான்" என்றார். பதுங்குகுழி வெட்டி அதற்குள் இருந்து வந்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அப்போது பன்னிரண்டு வயதான என் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

எலும்புக்குள் இறங்கும் குளிர். தேம்ஸ் கரையிலிருந்து ஓர் ஊர்வலமும், கவர் வீதியிலிருந்து இன்னொன்றும் புறப்பட்டு, பிக்கடில்லியில் ஒன்றுசேர்ந்து ஹைட் பார்க் போவதாக ஏற்பாடு. நாங்கள் ஆற்றங்கரைப் பக்கம். வெகுநேரம் ஓரடி நகர முடியாத நெரிசல். எங்களைச் சுற்றித் தேவாலயத்து மூதாட்டிகள், தள்ளுவண்டியில் குழந்தையோடு தாய்மார், தலையில் முக்காடிட்ட மாணவிகள், தன் வாழ்நாளில் இதுதான் முதல் ஊர்வலம் என்று சொன்ன ஒரு வங்கி உத்தியோகத்தர். பொலிஸ் கணக்கு 7½ இலட்சம். ஏற்பாட்டாளர்கள் சொன்னது அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். அதே நாளில் ரோமில் இன்னும் பெரிய கூட்டம். உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 600 நகரங்களில் சனம் தெருவுக்கு வந்தது.

மார்ச் 20ஆம் திகதி பக்தாத்தில் குண்டு விழுந்தது. அன்று லண்டன் பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியேறிப் பாராளுமன்றச் சதுக்கத்துக்கு வந்தார்கள். என் மகளும் போனாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் தண்டனையும் வாங்கினாள். 22ஆம் திகதி மறுபடியும் பெரிய ஊர்வலம். பொலிஸ் சொன்ன கணக்கு இம்முறை 2 இலட்சம். போர் நடந்துகொண்டிருக்கும்போது அதுவே பெரிய கூட்டம்தான். ஆனால் ஐந்து கிழமைக்குமுன் வந்தவர்களில் பெரும்பகுதி எங்கே?

எங்கே என்று எனக்குத் தெரியும். எங்கள் கன்ரீனில் இருந்தார்கள். பெப்ரவரியில் எங்களோடு நடந்த ஒரு சாரதி ஏப்ரலில் தன் காரில் தேசியக்கொடி கட்டிக்கொண்டு வந்தார். "தொடங்கியாயிற்று, இனி எங்கள் பெடியள் அங்கே நிற்கிறார்கள், இப்போது அதைப்பற்றிக் கதைக்கக்கூடாது" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய மருமகன் பஸ்ராவில் நின்றான். 2003இல் யூகோவ் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்புகளில் சராசரியாக 54 வீதமானோர் போர் சரியென்றே சொல்லியிருக்கிறார்கள். 2015இல் அதே நிறுவனம், "அந்த நேரம் நீங்கள் என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்டபோது, ஆதரித்ததாகச் சொன்னவர்கள் 37 வீதம். போரின்போது எதிர்ப்பு கரைந்தது. போர் தோற்றபிறகு, அன்றைய ஆதரவும் ஞாபகத்திலிருந்து கரைந்துவிட்டது.

அந்த ஏப்ரல் மாதத்தில் ஒரு படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பக்தாத் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பன்னிரண்டு வயதுச் சிறுவன். இரண்டு கையும் இல்லை. உடம்பெல்லாம் எரிகாயம். தாய், தகப்பன் உட்படக் குடும்பத்தில் 16 பேரை ஒரே ஏவுகணையில் இழந்தவன். பிரித்தானியச் சனம் அவனுக்காகப் பணம் சேர்த்தது. பிறகு அவனை லண்டனுக்குக் கொண்டுவந்து செயற்கைக் கைகள் பொருத்தினார்கள். காரில் கொடி கட்டிய எங்கள் சாரதியும் காசு கொடுத்தார். நானே பார்த்தேன், கன்ரீனில் வைத்த பெட்டியில் இருபது பவுண் தாளை மடித்துப் போட்டார். பெயரும் முகமும் வயதும் தெரிந்த ஒரு பிள்ளைக்கு அந்தக் கை தானாகவே சட்டைப்பையைத் தேடிப் போனது. அதே கிழமை பக்தாத்தின் பிணவறைகளில் கிடந்த மற்றப் பிள்ளைகளின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் இல்லை. அவர்களைப்பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதற்கே வழி இருக்கவில்லை.

சனத்தின் மனம் இறுகிப்போய்விட்டது என்று பலர் சொல்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. போரின் விலை யார் வீட்டு வாசலில் இறங்குகிறது என்பதைச் சனத்தின் கண்ணிலிருந்து மறைக்கிறார்கள். அதை நன்றாகத் தெரிந்தே செய்கிறார்கள்.

அமெரிக்காவைப் பாருங்கள். வியட்நாம் போருக்குக் கட்டாய ஆட்சேர்ப்பு இருந்தது. 1969 டிசம்பரில் பிறந்த திகதியைக் குலுக்கல் முறையில் எடுத்து, யார் போவது என்று தீர்மானித்தார்கள். எந்த வீட்டுப் பிள்ளைக்கும் சீட்டு விழலாம். 1973இல் கட்டாய ஆட்சேர்ப்பை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு போருக்குப் போவது விரும்பிச் சேர்ந்தவர்கள். படிப்புச் செலவுக்கு வேறு வழியில்லாததால் சேர்ந்தவர்களும் அதில் அடக்கம். ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போனவர்கள் அந்த நாட்டுச் சனத்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. போருக்கென்று வரி கூட்டவில்லை, கடன் வாங்கினார்கள்; அதை இன்னும் பிறக்காத பிள்ளைகள் கட்டுவார்கள். டோவர் விமானத் தளத்தில் சவப்பெட்டிகள் வந்திறங்குவதைப் படம் எடுக்கக்கூடாது என்று 1991இல் போட்ட தடையை 2009இல்தான் தளர்த்தினார்கள். இருபது வருடப் போர்களில் களத்தில் இறந்த அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 7,000 பேர். அந்தக் காலத்தில் சேவையில் இருந்தவர்களிலும் திரும்பி வந்தவர்களிலும் தற்கொலை செய்துகொண்டவர்கள் 30,000க்கு மேல் என்று பிரவுண் பல்கலைக்கழகத்தின் போர்ச் செலவு ஆய்வு 2021இல் மதிப்பிட்டது. அந்தச் சாவுகளுக்குப் பீரங்கி மரியாதையும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை.

இவை தாக்கப்போனவர்களின் கணக்கு. தாக்கப்பட்டவர்களின் கணக்கை எடுக்கவே ஆள் இல்லை. "நாங்கள் பிணம் எண்ணுவதில்லை" என்று அமெரிக்கத் தளபதி ரொமி பிராங்ஸ் ஆப்கானிஸ்தானில் வைத்துச் சொன்னார். அவர்தான் பிறகு ஈராக் படையெடுப்பையும் நடத்தினார்.

எண்ணியவர்கள் யார் என்று உங்கள் வாசகருக்குச் சொல்ல விரும்புகிறேன். 2003 ஜனவரியில், போர் தொடங்குமுன்னரே, பிரித்தானியாவில் ஒரு சிறு குழு கூடி 'ஈராக் பொடி கவுண்ட்' என்ற பதிவைத் தொடங்கியது. அவர்களில் ஒருவர் இசை உளவியல் பேராசிரியர். ஆயுதமோ அதிகாரமோ இல்லாதவர்கள். அவர்கள் செய்தது ஒரே வேலை: பத்திரிகை வாசித்தார்கள். எந்த ஊர், எந்த நாள், எத்தனை பேர், பெயர் உண்டா, வயது உண்டா, ஆணா பெண்ணா என்று ஒவ்வொரு செய்தியாக ஒப்பிட்டுப் பதிந்தார்கள். வன்முறையால் இறந்த பொதுமக்கள் என்று இன்றுவரை அவர்கள் பதிந்தது 1,86,000க்கும் மேல். பத்திரிகையில் வராத சாவு அந்தக் கணக்கில் ஏறாது என்று அவர்களே சொல்கிறார்கள். ஆசிரியர் அவர்களே, உங்கள் உள்பக்கத்து மூன்று வரியை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன் என்று இப்போது விளங்கும். ஏதோ ஒரு ஊர்ப் பத்திரிகையில் ஏதோ ஒரு நிருபர் ஊரின் பெயரைச் சரியாகப் போட்டதால்தான் ஒரு மனிதன் செத்தான் என்பது உலகத்துக்குத் தெரியவந்தது.

பெயரைச் சொல்வதற்கு அதிகாரம் எவ்வளவு பயப்படும் என்பதையும் அதே பாதையில் பஸ் ஓட்டியபோது கண்டேன். 2005இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். பாராளுமன்றத்தைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் பொலிஸ் அனுமதியில்லாமல் யாரும் ஆர்ப்பாட்டம் செய்யக்கூடாது என்றார்கள். அந்த ஒக்டோபரில் போர் நினைவுத் தூணடியில் நின்று, ஈராக்கில் அதுவரை இறந்த 97 பிரித்தானியப் படையினரின் பெயர்களை வாசித்த இளம்பெண்ணைக் கைது செய்து வழக்குப் போட்டு, குற்றவாளி என்று தீர்ப்பும் கொடுத்தார்கள். தன் நாட்டுக்காகச் செத்தவர்களின் பெயரை, அவர்களுக்காகவே கட்டிய தூணின் முன்னால், சத்தம் போடாமல் வாசித்ததற்கு.

அந்தச் சட்டம் முக்கியமாகக் குறிவைத்தது பிரையன் ஹோவை. 2001 ஜூனில், ஈராக் மீதான பொருளாதாரத் தடையால் பிள்ளைகள் சாகிறார்கள் என்று சொல்லிப் பாராளுமன்றத்துக்கு எதிரில் வந்து குந்தியவர். புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்க ஜெர்மனிக்குப் போகும்வரை அங்கேயே இருந்தார். 2011இல் இறந்தார். குளிருக்கும் மழைக்கும் ஒரு பிளாஸ்ரிக் விரிப்பு. ஒட்டிய சின்னங்களால் துணியே தெரியாத தொப்பி. கையில் ஒலிபெருக்கி. புற்றரை ஓரம் முழுக்க அவர் வைத்த ஈராக்கியக் குழந்தைகளின் படங்கள். சிவப்பு விளக்குக்கு பஸ்ஸை நிறுத்தினால் அந்தப் படங்கள் நேராக என் கண்ணாடிக்கு முன்னால். தொடக்கத்தில் பயணிகள் எட்டிப் பார்ப்பார்கள். போகப்போக, மேல்தட்டில் இருந்த உல்லாசப் பயணிகள்கூட அவருக்குப் பின்னாலிருந்த மணிக்கூட்டுக் கோபுரத்தைத்தான் படம் எடுத்தார்கள். 2006 மே மாதத்தில் ஓர் இரவு பொலிஸ் வந்து பெரும்பாலான படங்களை அள்ளிக்கொண்டு போனது. அந்த வருடம் ஈராக்கில் 34,452 பொதுமக்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்கிட்டது. என் பஸ்ராக்கார நண்பரின் அக்கா மகனும் அதே வருடத்தில் போனவர். வேலைக்கென்று காலையில் புறப்பட்டவரை நாலாம் நாள் பிணவறையில், செருப்பை வைத்து அடையாளம் கண்டார்களாம். நண்பர் இரண்டு நாள் லீவு எடுத்துவிட்டு வேலைக்கு வந்தார். கன்ரீனில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஈராக் அப்போது பழைய செய்தி.

இனி எங்கட கதைக்கு வருகிறேன்.

2009 ஏப்ரல் 6, திங்கட்கிழமை பின்னேரம். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் எங்கட பிள்ளைகள் மறித்துக் குந்திவிட்டார்கள். என் பஸ் பாலத்துக்கு இந்தப் பக்கம், லம்பெத் கரையில், அசையாமல் நின்றது. எனக்கு முன்னால் என் சொந்தச் சனம். பின்னால் வேலை முடிந்து வீட்டுக்குப் போகத் துடிக்கும் பயணிகள். முணுமுணுப்புக் கேட்டது. ஆபிரிக்காவைச் சேர்ந்த ஒரு வயதான அம்மா, தாதி உடுப்பில், கண்ணாடியில் தட்டி என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். இலங்கை, வன்னி, கடற்கரையோரத்தில் ஒரு துண்டு நிலம், பாதுகாப்பு வலயம் என்று சொல்லிச் சனத்தை அதற்குள் விட்டு அதன்மேலேயே செல் அடிக்கிறார்கள் என்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எத்தனை பேர் இறந்துவிட்டார்கள்?" என்றார்.

என்னிடம் சொல்ல எண்ணிக்கை இருக்கவில்லை. ஒருவரிடமும் இருக்கவில்லை. 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளரைக் கிளிநொச்சியை விட்டு வெளியேறச் செய்தபோது, போகவேண்டாம் என்று சனம் வாசலை மறித்துக் கெஞ்சியது ஏன் என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு முழுதாக விளங்கியது. சுயாதீனச் செய்தியாளர் எவரையும் உள்ளே விடவில்லை. எண்ண ஆள் இல்லாத இடத்தில் செத்தவர்களின் தொகை எவ்வளவு என்று இன்றும் அடிபடுகிறோம். 2011இல் ஐ.நா. நிபுணர் குழு 40,000 வரை இருக்கலாம் என்றது. அடுத்த வருடம் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு அறிக்கை, 70,000க்கும் மேல் இருக்கலாம் என்று காட்டும் தகவல்கள் உண்டு என்றது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் அரசாங்கத்தின் சொந்தச் சனத்தொகைக் கணக்குகளை வைத்துக் கழித்துப் பார்த்து, 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று அரசாங்கம் நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கேட்டார். நாற்பதாயிரத்துக்கும் ஒன்றரை இலட்சத்துக்கும் இடையில் இருப்பவர்களும் ஆட்கள்தானே. அவர்களில் என் பெரியம்மாவின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அந்தச் சதுக்கத்தில் எங்கட பிள்ளைகள் ஜூன் நடுப்பகுதி வரைக்கும் நின்றார்கள், இரவும் பகலும், போர் முடிந்த மே 18க்குப் பிறகும். பக்கத்திலேயே பிரையன் ஹோவின் பதாகைகள். நான் வேலை முடிந்து போகும் நேரங்களில் பஸ்ராக்காரரும் வருவார். பிளாஸ்கில் கறுப்புத் தேநீர் கொண்டுவந்து பெடியளுக்கு ஊற்றிக் கொடுப்பார். எங்கட கோஷம் அவருக்கு விளங்காது. எந்த நாட்டுக்காரர் என்று கேட்டவர்களுக்கு ஈராக் என்று சொல்லிவிட்டு எங்கட பதாகையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படி வந்து நின்ற அந்நியர்கள் மிகக் குறைவு. அதனால்தான் ஒவ்வொரு முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஊர்வலம் போய் எந்தப் போர் நின்றது என்ற கேள்விக்கு வருகிறேன். நேர்மையாகச் சொன்னால், 2003 ஊர்வலம் ஈராக் போரை நிறுத்தவில்லை. 2009 ஊர்வலங்கள் முள்ளிவாய்க்காலை நிறுத்தவில்லை. ஆனால் தெருவில் நின்றதெல்லாம் வீண் என்பதை ஒத்துக்கொள்ளமாட்டேன். 2003 மார்ச் மாதத்தில் ரொபின் குக் ஈராக் போரை எதிர்த்து பிரித்தானிய அமைச்சர் பதவியை விட்டார். மறுநாள் வாக்கெடுப்பில் தொழிற்கட்சியின் 139 பாராளுமன்ற உறுப்பினர்கள் சொந்தப் பிரதமர் ரொனி பிளேயருக்கு எதிராகக் கை உயர்த்தினார்கள். வீதியில் அத்தனை சனம் இல்லாவிட்டால் அவர்களில் பாதிப்பேருக்கு அந்தத் துணிவு வந்திருக்காது. இந்தியாவிடம் ஈராக்குக்குப் படை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டது. வாஜ்பாய் அரசாங்கம் யோசித்து, 2003 ஜூலையில் மறுத்துவிட்டது. நாட்டுக்குள்ளிருந்த எதிர்ப்புக்கும் அதில் பங்கு உண்டு. ஒரு முழுப் படைப்பிரிவு அளவுக்குப் போயிருக்கவேண்டிய இந்தியப் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள். பத்து வருடத்துக்குப் பிறகு, 2013 ஓகஸ்ட் 29இல், சிரியா மீது தாக்குதல் நடத்த அனுமதி கேட்ட பிரித்தானிய அரசாங்கம் 272க்கு 285 என்ற வாக்குகளால் தோற்றது. அன்றைய விவாதத்தில் எழும்பிக் கதைத்தவர்களின் வாயில் திரும்பத் திரும்ப வந்த சொல் ஈராக். அதனால் சிரியாவின் சனம் தப்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். அங்கே நடந்தது எல்லோருக்கும் தெரியும். போருக்கு அனுமதி கேட்டால் கிடைத்துவிடும் என்ற நிச்சயம் உடைந்தது என்று மட்டும் சொல்கிறேன். ஈராக் போர் கடைசி வழியாக இருக்கவில்லை என்று 2016இல் சில்கொட் விசாரணை அறிக்கை சொன்னதற்கும், அப்படி ஒரு விசாரணை நடந்ததற்கும், காரணம் வாயை மூட மறுத்தவர்கள். முக்கியமாக, பிள்ளையை ஈராக்கில் பறிகொடுத்த பெற்றோர்.

எனக்கு உண்மையில் ஆற்றாமை வேறு இடத்தில். ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்காலை நினைத்துக் கூடுகிறோம், கஞ்சி கொடுக்கிறோம், 2009இல் உலகம் பார்த்துக்கொண்டிருந்தது என்று மேடையில் பேசுகிறோம். அந்தக் கோபம் நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் சூடானியர்கள் லண்டனில் கூடும்போது போய்ப் பார்க்கிறேன். வந்திருப்பது சூடானியர்கள். எங்கட முகங்களை விரல்விட்டு எண்ணலாம். காசாவுக்காக நடந்த பெரிய ஊர்வலங்களில் எங்கட இளம்பிள்ளைகளைக் கண்டேன், மனம் நிறைந்தது. பெரியவர்களைக் கேட்டால், "அது அவையின்ர பிரச்சினை, எங்களுக்கு ஆர் வந்தவை?" என்கிறார்கள். வந்தார்கள். தேநீரோடு வந்தார்கள்.

சூடானில் 2023 ஏப்ரல் 15இல் தொடங்கிய போர் ஒரு கோடிக்கு மேற்பட்ட சனத்தை வீட்டைவிட்டு விரட்டியது. நாட்டின் மேற்கிலுள்ள டார்பூரில் எல் பாஷர் என்ற ஊரை, இராணுவத்தோடு சண்டை பிடிக்கும் துணைப்படையினர் 2024இலிருந்து சுற்றி வளைத்து வைத்திருந்தார்கள். ஊரைச் சுற்றி மண் அணை எழுப்பினார்கள். உள்ளே உணவு போகவில்லை. கடலை எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் புண்ணாக்கை, மாட்டுக்குப் போடுவதை, ஊறவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 2025 ஒக்டோபர் கடைசியில் ஊர் விழுந்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் நோயாளிகளும் துணைக்கு நின்றவர்களுமாக 460க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது. மண் அணை, பட்டினி, ஆஸ்பத்திரி. இதை வாசிக்கும் வன்னிச் சனத்துக்கு இதற்குமேல் நான் எதை விளக்குவது?

காசாவில் வெளிநாட்டுச் செய்தியாளரைச் சுதந்திரமாக உள்ளே விடவில்லை. உள்ளூர்ச் செய்தியாளர்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டார்கள். 2023 ஒக்டோபரில், அங்கிருந்து வரும் எண்ணிக்கையை நம்பமுடியாது என்று அமெரிக்க ஜனாதிபதி பைடன் சொன்னபோது, காசா சுகாதார அமைச்சு 6,747 பேருடைய பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் பட்டியலாக வெளியிட்டது. என் மகள் அதைத் தரவிறக்கிக் காட்டினாள். பக்கம் பக்கமாக ஒரே குடும்பப் பெயர். வயதுக்குரிய இடத்தில் பூச்சியம், ஒன்று, நாலு, பூச்சியம். 2009இல் எங்களிடம் இப்படியொரு பட்டியல் இருந்திருந்தால், பாலத்தடியில் அந்தத் தாதி அம்மாவிடம் கொடுத்திருப்பேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, உங்களிடம் என் வேண்டுகோள். இனிமேல் எந்த நாட்டுப் போர்ச் செய்தி போட்டாலும் ஊரின் பெயரைப் போடுங்கள். செத்தவர்களில் ஒருவருடைய பெயராவது, வயதாவது, தொழிலாவது கிடைத்தால் அதைச் சேருங்கள். கிடைக்கவில்லையென்றால் ஏன் கிடைக்கவில்லை, செய்தியாளரை உள்ளே விடாதவர் யார் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். சூடானுக்கு வாரம் ஒரு கால் பக்கம் ஒதுக்குங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால், என் மகளும் அவளோடு வேலை செய்யும் ஒரு சூடானியப் பிள்ளையும் காசு வாங்காமல் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய தொலைபேசி இலக்கத்தைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

கால் நோவு மிச்சம் என்று எழுதிய வாசகரின் முகவரி உங்களிடம் இருக்கும். சூடானியர்களின் அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன். திகதி தெரிந்தவுடன் உங்கள் அலுவலகத்துக்கு அறிவிப்பேன். அவரிடம் சொல்லுங்கள். மழைக்குக் குடையும் தேநீரும் நான் கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர்,
தென் லண்டன்.